வாசலில் நீட்டிய குங்குமத் தட்டு

எந்தப் பெண்ணாக இருந்தாலும் பத்து நிமிடம் பேசினால் போதும், பரிசோதனை மேசையில் ஏற்றிவிடுவேன் என்று அந்த நாளில் எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. காரணம் இல்லாமல் இல்லை. இருபது வயதில் வெள்ளைச் சேலை கட்டி நர்ஸ் வேலைக்கு வந்தவள் நான். பிரசவ வார்டில் கத்துகிறவர்களை அதட்டி, அழுகிறவர்களைக் கொஞ்சி, குறுக்கே நிற்கும் மாமியார்களை வெளியே விரட்டிப் பழகிய வாய் இது. என் கணவர் மிஷன் பள்ளி ஆசிரியர். வகுப்பில் அவர் குரலுக்கு ஐம்பது பையன்கள் நடுங்குவார்கள். திருநகரில் எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டால் பேச்சு முழுவதும் என்னுடையது.

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் ஆஸ்பத்திரியின் பெண் டாக்டர் ஒரு புது வேலையைத் தொடங்கினார். கர்ப்பப்பையின் வாயில் வருகிற புற்றுநோயை முற்றுவதற்கு முன்பே கண்டுபிடிக்கிற சோதனை. சின்ன மரக்குச்சியால் அந்த இடத்தை இலேசாக வழித்து, ஒரு கண்ணாடித் துண்டில் தடவி, ஸ்பிரிட்டில் போட்டு எடுத்துவர வேண்டும். ஆஸ்பத்திரியில் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பார்கள். ஐந்து நிமிட வேலை, வலியும் இல்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்குத் தாமாக வருகிறவர்களோ, எல்லாம் முற்றி, முகத்தில் இரத்தமே இல்லாமல், இரண்டு பேர் தாங்கிப் பிடித்து வருகிறவர்கள். அவர்களுக்குச் செய்ய எங்களிடம் ஒன்றும் மிச்சம் இருக்காது. "அவுங்க வர்ற வரைக்கும் காத்திருக்க வேணாம் சிஸ்டர், நாம போவோம்" என்றார் டாக்டர். செல்லூரில் ஒரு நெசவாளர் சங்கக் கட்டடத்தை வியாழக்கிழமை காலைகளுக்குக் கேட்டு வாங்கினோம். டாக்டர், நான், கருவிகளை வேகவைக்க ஒரு ஆயா. மூன்றே பேர்.

முதல் வியாழன் ஆஸ்பத்திரி வேனில் போய் இறங்கினோம். வேன் சந்துக்குள் நுழைந்ததும் தறிச் சத்தம் ஒவ்வொரு வீடாக நின்றது. கதவுகள் சாத்தப்பட்டன. சில வருடங்களுக்கு முன்பு குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆள் பிடித்தவர்களும் இப்படித்தான் வேனில் வந்தார்களாம். அன்று எங்களிடம் வந்தது ஒரே ஒரு பெண். அவளும் பிள்ளைக்கு இருமல் மருந்து கேட்டு வந்தவள். டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்தார். நான் அவளிடம் சோதனையைப் பற்றிப் பேச்செடுத்தேன். மருந்துச் சீட்டைக்கூட மடிக்காமல் ஓடிவிட்டாள்.

அடுத்த வாரம் வேனை விட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் போனேன். வீடு வீடாக ஏறி இறங்கினேன். என் பத்து நிமிடப் பேச்சை எல்லா வீட்டிலும் அவிழ்த்து விட்டேன்.

"வயித்தத் தொறந்து பாப்பீகளா நர்சம்மா?"

"சோதனைன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போயி புள்ள நிக்காம இருக்க லூப்பு வச்சு விட்டுருவாகளாம்ல?"

"நல்லாத்தான இருக்கேன். நல்லா இருக்க எடத்த எதுக்குப் போயி நோண்டணும்?"

ஒரு அம்மா, நான் நோயின் பெயரைச் சொன்னதும் காதைப் பொத்திக்கொண்டார். "நாளைக்கு வெள்ளிக்கெழம. அந்தப் பேர வீட்டுக்குள்ள சொல்லாதீக" என்றார். இன்னொரு பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கெட்ட நடத்த உள்ளவளுக்குத்தான் அது வருமாமே? நான் வந்து படுத்தா, இவளுக்கு என்னமோன்னு பேசிர மாட்டாளுகளா?" என்று கேட்டாள். அப்படியெல்லாம் இல்லை, யாருக்கும் வரலாம் என்று தொண்டை வற்றச் சொன்னேன். தலையைத் தலையை ஆட்டினாள். வரவில்லை.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. உயிரைக் காப்பாற்றுகிறேன் என்று வாசலில் வந்து நிற்கிறவளை இப்படித் திருப்பி அனுப்பினால் யாருக்குத்தான் வராது?

அந்தச் சந்திலேயே ஒரு வீட்டில் வளைகாப்பு நடந்ததைத் தற்செயலாகப் பார்த்தேன். எங்களைக் கண்டு கதவைச் சாத்திய அதே பெண்கள் பட்டுச் சேலையும் தலை நிறையப் பூவுமாக, சிரித்துக்கொண்டு வரிசையாக அந்த வீட்டுக்குள் போனார்கள். வாசலில் ஒரு பெண் சந்தனம், குங்குமம், பூ வைத்த தட்டை நீட்டிக்கொண்டிருந்தாள். எனக்குப் பளிச்சென்று பட்டது. தட்டு நீட்டுகிற இடத்தில் கெட்டது நடக்காது என்று இவர்களுக்கு ஒரு நம்பிக்கை. அப்படியென்றால் நாமும் நீட்டுவோம்.

எங்கள் வீட்டில் குங்குமம் கிடையாது. நாங்கள் கிறிஸ்தவர்கள். சந்தனத்தை எவ்வளவு தண்ணீரில் குழைப்பது, தட்டில் எது எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதையெல்லாம் ஆயாவிடம்தான் கற்றுக்கொண்டேன். மூன்றாவது வியாழன் காலையில் சங்க வாசலில் ஒரு கோலம், ஒரு ஸ்டூல், அதன்மேல் எவர்சில்வர் தட்டு. குங்குமம், மஞ்சள், சந்தனம், வெற்றிலை பாக்கு, ஒரு பந்து மல்லிகை. சோதனைக்கு வருகிறவர்களுக்கு மஞ்சள் குங்குமம் உண்டு என்று முதல் நாளே சந்து முழுக்கச் சொல்ல வைத்திருந்தேன். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "என்ன சிஸ்டர், பொண்ணு மாப்பிள்ளை எங்கே?" என்றார்.

"உள்ள போய் உக்காருங்க டாக்டர். இன்னைக்கு உங்களுக்குக் கை வலிக்கும்" என்றேன்.

வலித்தது. அன்று பதினோரு பேர். அடுத்த வாரம் இருபது பேருக்கு மேல். வீட்டில் கணவரிடம் சோதனைக்குப் போகிறேன் என்று சொல்ல வாய் வராதவர்கள்கூட, "சங்கத்துல மஞ்ச குங்குமம் குடுக்குறாக, வாங்கிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு வந்தார்கள். திரைக்குப் பின்னால் போகும்போது பயந்தவர்கள், வெளியே வந்ததும் "இம்புட்டுத்தானா?" என்றார்கள். அந்த 'இம்புட்டுத்தானா'வைக் கேட்கக் கேட்க எனக்குத் தலை கனத்துப்போனது. ஆஸ்பத்திரியில் மற்ற நர்ஸ்களிடம் என் தட்டுக் கதையை ஒரு தடவைக்கு நாலு தடவை சொன்னேன்.

சங்கத்துக்கு எதிரே ஒரு தெருக்குழாய் இருந்தது. தட்டு வைத்த நாளிலிருந்து ஒவ்வொரு வியாழனும் ஒரு பெண் அந்தக் குழாயடியில் நின்றார். ஐம்பது வயதுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். வெறும் நெற்றி, சாயம் போன சேலை, இடுப்பில் குடம். மற்றவர்கள் குடத்தை நிரப்பிக்கொண்டு போனபிறகும் அவர் நிற்பார். எங்கள் வாசலையே பார்ப்பார். தண்ணீர் வரக் காத்திருக்கிறார் என்று நினைத்தேன். மூன்று வியாழன் அப்படி நினைத்தேன். குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தபோதும் அப்படித்தான் நினைத்தேன் என்றால் என் புத்தியை என்னவென்று சொல்வது.

அவர் நின்ற மூன்றாவது வியாழன் எல்லோரும் போய், தட்டை உள்ளே எடுத்து வைத்த பிறகு, பின்பக்கத்திலிருந்து ஆயா கூப்பிட்டார். அங்கே ஸ்டவ் பக்கத்தில் அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தார். குடம் காலியாக இருந்தது.

"நர்சம்மா, வாசல்ல யாரும் இல்லல்ல?"

"இல்லக்கா. ஏன் பின்னால சுத்தி வந்தீங்க? முன்னால வரலாம்ல?"

"தட்டு வச்சிருக்கீகளே" என்றார்.

எனக்கு முகத்தில் அறைந்ததுபோல இருந்தது. புருஷன் போனவர்கள் குங்குமத் தட்டு நீட்டுகிற வாசலைத் தாண்டி வரமாட்டார்கள். வந்தால் மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள். இது மதுரையில் சின்னப் பிள்ளைக்குத் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தும், வாசலைத் திறந்துவிட்டேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு, பாதிப் பேருக்குச் சாத்தி வைத்திருக்கிறேன்.

உள்ளே பெஞ்சில் உட்காரவைத்தேன். அவருக்குப் பேச்சு துண்டு துண்டாகத்தான் வந்தது.

"அவுக போயி எட்டு வருசமாச்சு. தீட்டு நின்னு மூணு வருசமாச்சு. இப்ப ஏழு மாசமா திரும்பப் படுது."

"ஏழு மாசமா? யார்கிட்டயும் சொல்லலையா?"

"என்னன்னு சொல்ல? தாலியறுத்தவளுக்கு ரத்தம் போகுதுன்னா, கலைச்சுட்டு வந்துருக்கான்னு சொல்ல மாட்டாகளா? மகனுக்குப் பொண்ணு பாத்துக்கிட்டு இருக்கேன். துணியக்கூட கொடியில போடுறதில்ல நர்சம்மா, வெறகுக்குப் பின்னால போட்டுத்தான் காய வைக்கிறேன்."

நோயைக் கண்டுபிடித்து உயிரைக் காத்துக்கொள்ள அவர் வரவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அவர் வீட்டில் ஒரு வழக்கம். தீட்டு நாட்களில் பெண்கள் தறி இருக்கும் அறைக்குள் போகக்கூடாது, நூலைத் தொடக்கூடாது. அவரும் மகனும் மட்டுமே இருக்கிற வீடு. அவர் நூல் சுற்றிக் கொடுக்காவிட்டால் மகன் தறி ஓட்ட முடியாது. ஏன் சுற்றவில்லை என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டும். அதனால் ஏழு மாதமாக யாருக்கும் சொல்லாமல் நூல் சுற்றினார், தறியில் அறுந்த இழைகளைப் பிணைத்தார். அந்தச் சமயம் பார்த்து, தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் அறுந்துகொண்டே இருந்திருக்கிறது.

"அவன் தலையில கை வச்சு உக்காந்துர்றான். எல்லாம் என்னாலதான். ரத்தம் நிக்க ஒரு மாத்திர குடுங்க நர்சம்மா. அது போதும்."

என் பத்து நிமிடப் பேச்சு எங்கே போனதோ தெரியவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "மாத்திரைக்கு முன்னாடி டாக்டர் ஒரு தரம் பாக்கட்டும்க்கா" என்றேன். நல்லவேளை, டாக்டர் இன்னும் கிளம்பவில்லை. கதவைத் தாழிட்டோம். கருவி சில்லென்று இருக்கக்கூடாது என்று ஆயா சுடுதண்ணீரில் வைத்து எடுத்துக் கொடுத்தார். டாக்டர் குனிந்து பார்த்தார். வழக்கமாக "ஆச்சு, எந்திரிங்க" என்பவர், விளக்கைக் கிட்டக் கொண்டுவரச் சொல்லி மறுபடி பார்த்தார். நிமிர்ந்து கையுறையைக் கழற்றும்போது என்னை ஒரு பார்வை பார்த்தார்.

மறுநாளே ஆஸ்பத்திரிக்கு வரவழைத்து, சதையைத் துளி எடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய்தான். ஆனால் அந்த இடத்தை விட்டு இன்னும் பரவவில்லை. கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்ள நிறைய வாய்ப்பு, தள்ளிப்போட்டால் கிடையாது என்று டாக்டர் சொன்னார். நான் தனியாகப் போய், "மூணு வாரம் எதுத்தாப்புல நின்னாங்க டாக்டர். அந்த மூணு வாரத்துல ஏதாவது ஆகியிருக்குமா?" என்று கேட்டேன். "ஆகியிருக்காது. ஆனா மூணாவது வாரமும் அவங்க உள்ள வராமப் போயிருந்தா?" என்றார்.

ஆபரேஷனுக்கு வீட்டார் கையெழுத்து வேண்டும். மகனுக்குச் சொல்லியாக வேண்டும். அந்தம்மாவுக்குப் புற்றுநோயைவிட இதுதான் பயம். "நான் சொல்றேன்க்கா, எனக்குப் பழக்கம்" என்றேன். மாட்டேன் என்றார். "எம்மகன்ட்ட நாந்தான் சொல்லணும். நீங்க பக்கத்துல நில்லுங்க, போதும்."

நின்றேன். மகன் தறிக்குழியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தான். இருபத்துநாலு, இருபத்தைந்து வயதிருக்கும். அம்மா அறைக்குள் கால் வைக்காமல் நிலைப்படிக்கு வெளியிலேயே நின்று, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னார். ஏழு மாதம், இரத்தம், விறகுக்குப் பின்னால் துணி, நோய், கையெழுத்து. நோயின் பெயரையும் அவரே சொன்னார். தறி நின்றுவிட்டது. கடைசியில், "தீட்டோடதான்டா நூலத் தொட்டேன். ஒம் பாவு அறுந்தது என்னாலதான். மன்னிச்சுருய்யா" என்றார்.

அவன் குழியிலிருந்து மேலே ஏறி வந்தான். கோபப்படப் போகிறான் என்று நான் வாயைத் தயாராக வைத்திருந்தேன்.

"பாவு அறுந்தது நூலுக்குக் கஞ்சி சரியாப் போடாததுனாலம்மா. இந்தச் சந்துல நாலு வீட்டுல இதே பாடுதான்" என்றான். "உன்னாலன்னா, நீ பிணைச்ச எழதான மொதல்ல அறுகணும்? நீ பிணைச்சது ஒண்ணாவது திரும்ப அறுந்துச்சா? சொல்லு."

அவன் அம்மாவின் கையைப் பிடித்து நிலைப்படியைத் தாண்டி உள்ளே இழுத்துத் தறிக்குப் பக்கத்தில் உட்காரவைத்தான். அப்புறம் தறிக் கட்டையின்மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டான். எழுத்து கோணல்மாணலாக விழுந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நர்ஸ் அழக்கூடாது என்று நானே எத்தனையோ பேரை அதட்டியிருக்கிறேன். அன்று அழுதேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கரண்டு வைக்க, அதாவது கதிர்வீச்சு கொடுக்க, தேவையில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் வார்டில் இருந்தபோது வந்த வியாழக்கிழமை நான் முதல் வேலையாகத் தட்டை எடுத்துவிட்டேன். கோலம்கூடப் போடவில்லை. அன்று வந்தது ஐந்து பேர். வந்தவர்களும் "மஞ்ச குங்குமம் இல்லையா?" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டார்கள். "இல்லை. புருஷன் இல்லாதவங்களும் வரணும்ல, அதான்" என்று வெடுக்கென்று சொன்னேன். நியாயத்தை நிலைநாட்டிவிட்ட மிதப்பு எனக்கு. இதை அந்தம்மாவிடம் சொன்னால் எவ்வளவு சந்தோஷப்படுவார் என்று மறுநாள் வார்டுக்குப் போனேன்.

அவர் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். முகத்தில் கொஞ்சம் இரத்தம் ஊறியிருந்தது.

"உங்களுக்காகத் தட்டை எடுத்துட்டேன்க்கா. இனி யாருக்கும் குங்குமம் கிடையாது" என்றேன்.

டம்ளரைக் கீழே வைத்தார். "எடுத்துட்டீகளா? ஏன்?"

"உங்கள மாதிரி இருக்கவங்க வரணும்ல?"

"நல்லாப் பண்ணுனீக போங்க" என்றார். அதுவரை அவர் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதில்லை. "எங்களாலதான் பூவு போச்சுன்னு நாளைக்கு எங்களத்தான் ஏசுவாளுக. பூவுக்காச்சும் வந்துக்கிட்டு இருந்தாளுக, அதயும் கெடுத்துட்டீக. தட்ட எடுங்கன்னு நான் கேட்டேனா?"

"அப்ப என்னதான் செஞ்சிருக்கணும்?" எனக்கும் சுருக்கென்றது.

"மூணு வாரம் எதுத்தாப்புல நின்னேன். தெனமும் ஒம்போது மணிக்குக் கொடத்தத் தூக்கிட்டு நின்னேனா? வியாழக்கெழம மட்டுந்தான நின்னேன். நீங்களும் என்னயப் பாத்தீக. தட்டு இருந்தா இருந்துட்டுப் போகுது. 'அக்கா, நீயும் வா'ன்னு ஒரு வார்த்த. அதச் சொல்லியிருந்தீகன்னா மொத வாரமே வந்துருப்பேன்."

சொல்லிவிட்டுக் கஞ்சியைக் குடிக்க ஆரம்பித்தார். இருபது வருடமாகப் பேசியே பிழைத்தவள் நான். எந்தப் பெண்ணிடம் எதைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும் என்று இருந்தவள். டம்ளர் காலியானதும் வாங்கிக் கழுவி வைத்தேன். வெட்கமாக இருந்தது. கோபமும் இருந்தது, என்மேல்தான்.

அடுத்த வியாழன் தட்டை மறுபடி வைத்தேன். இந்தத் தடவை யாரும் நீட்டவில்லை. ஸ்டூலின்மேல் இருந்தது, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். பக்கத்தில் எல்லோருக்குமாக ஒரு சீப்பு வாழைப்பழம். கூட்டம் சேரத் தொடங்கியது. ஆயாவை வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு, நான் தெருவைக் கடந்து குழாயடிக்குப் போனேன். அங்கே குடத்தோடு ஒரு பெண் நின்றிருந்தார். அவருக்கும் வெறும் நெற்றி. குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, அவர் எங்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, நீங்களும் வாங்க" என்றேன்.

யாரைக் கூப்பிடுகிறேன் என்று அவர் திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தார்.